முனகாத இரும்பு

கூத்தன்மலைச் செம்புச் சுரங்கத்தில் இரும்புக்கு நோவும். கதை விடுவதாக நினைக்க வேண்டாம், அப்படித்தான் அதைச் செய்து வைத்திருந்தார்கள்.

வண்டிவாகனமெல்லாம் மின்சாரத்துக்கு மாறி, கம்பிக்குச் செம்பு போதாமல் உலகமே கண்ட கண்ட மலையையெல்லாம் குடைந்துகொண்டிருந்த காலம் அது. கல்வராயன் மலை அடிவாரத்தில், அதுவரை ஆடு மேய்ப்பவர்கூடச் சீண்டாத ஒரு கரட்டின் அடியில் நானூறு மீட்டர் ஆழத்தில் தாது அகப்பட்டது. தாது நல்ல தாதுதான், அதைப் போர்த்தியிருந்த பாறைதான் மோசம். தொட்டால் உதிரும். குடைந்த வழியில் ஒரு மீட்டருக்கு ஒன்றாக இரும்பு வளைவுகளை நிறுத்தி மலையைத் தாங்கிப் பிடித்தால்தான் உள்ளே போனவன் முழுசாகத் திரும்பி வருவான்.

பழைய சுரங்கங்களில் மரத்தூண் வைத்தார்கள். மரம் முறிவதற்கு முன்னால் கிறீச்சிடும், நார் நாராகப் பிரியும், ஓடித் தப்பிக்க நாலு நிமிடம் கொடுக்கும். இரும்புக்குப் பலம் அதிகம், ஆனால் சரியான அழுத்தக்காரப் பயல். கடைசி நொடிவரை முகத்தில் எதையும் காட்டாமல் நின்றுவிட்டுப் பொசுக்கென்று மடங்கும். இந்தக் குறையைத் தீர்க்கிறேன் என்று ஒரு கம்பெனி இரும்புக்குள் நரம்பு நரம்பாக இழைகளை ஓட்டி, ஒவ்வொரு வளைவிலும் உள்ளங்கை அளவு மூளை ஒன்றையும் பொருத்தியது. தாங்க முடியாத பாரம் ஏறினால் வளைவின் உச்சியிலிருக்கும் பச்சை விளக்கு சிவப்பாகும். அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல ஒரு சத்தமும் கேட்கும். கம்பெனிக்காரர்கள் அதற்குப் பார எச்சரிக்கை என்று பெயர் வைத்தார்கள். உள்ளே வேலை செய்தவர்களுக்கு அது முனகல். "அஞ்சாவதுக்கு நோவுதுடா" என்பார்கள், வீட்டில் இருக்கும் மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

தெற்கே குடைந்த வழிக்குத் தென்வழி என்று பெயர், அதன் வளைவு மேஸ்திரி ஆசீர்வாதம். ஐம்பத்திரண்டு வயது. சுரங்கத்துக்குப் பொருந்தாத உயரம். அவருடைய கொள்ளுத்தாத்தா கோலாரில் தங்கம் தோண்டியவர். அந்தச் சுரங்கம் மூடிய பிறகு ஊரே ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போனது. கூத்தன்மலையில் சுரங்கம் திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆசீர்வாதம் மனைவி எஸ்தரையும் அவள் தம்பி ஏசாயாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஏசாயாவுக்கு அம்மா முகம் தெரியாது. எஸ்தர்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள், பிள்ளை இல்லாத வீட்டில் அவன்தான் பிள்ளை. இப்போது முப்பது வயதாகிறது, மாமாவின் கோஷ்டியிலேயே வேலை. மாமா சொன்னால் மறுபேச்சு கிடையாது.

சட்டம் என்னவென்றால், ஒரு வளைவு முனகினால் அந்த வழியில் இருக்கும் அத்தனை பேரும் வெளியே வந்துவிட வேண்டும். பொறியாளர் இறங்கி, அளந்து, பதிவு செய்து, ஆமாம் போகலாம் என்ற பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று ஷிப்டுக்கு ஒரே பொறியாளர், அவர் இறங்கி வருவதற்குள் பாதி ஷிப்டு போய்விடும். அடிக்கடி நின்ற கோஷ்டியை யாரும் திட்ட மாட்டார்கள். கலைத்துவிடுவார்கள். கலைந்தவர்களின் பெயர் வாசல் பட்டியலில் ஏறும், அந்தப் பட்டியல் நாட்டிலுள்ள எல்லாச் சுரங்க வாசலுக்கும் போகும். அப்புறம் பிழைப்புக்கு ஆடுதான் மேய்க்க வேண்டும்.

அதனால் ஆசீர்வாதம் ஒரு வழி கண்டுபிடித்தார். வளைவு என்பது ஒரே துண்டு இல்லை, இரண்டு கால், மேலே ஒரு நெற்றி என்று மூன்று துண்டு. இரண்டு தோள்பட்டையிலும் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, கிளாம்பு போட்டு இறுக்கப்பட்டிருக்கும். மலை ரொம்ப அழுத்தினால் துண்டுகள் கொஞ்சம் வழுக்கி இறங்கிக்கொடுக்கும். முனகும் வளைவின் நட்டைத் தளர்த்தி, கிளாம்பில் சம்மட்டியால் ஒரு போடு போட்டால் அது அங்கேயே இரண்டு விரற்கடை வழுக்கும். பாரம் குறையும். விளக்கு பச்சையாகும், முனகல் நிற்கும். நட்டை மறுபடி இறுக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். பொறியாளர் வந்தாலும் கடைசியில் இதைத்தான் செய்யச் சொல்லுவார் என்று ஆசீர்வாதம் தன் மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். அதில் பாதி உண்மையும்கூட. தென்வழியில் ஆறு பேருக்கும் இது கைவந்த வேலையாகிவிட்டது. முனகல் கேட்டால் கை தானாகச் சம்மட்டியைத் தேடும்.

சட்டத்துக்குக் குறைவில்லாமல் உறுதிமொழியும் இருந்தது. தினமும் சுரங்கத்துக்குள் இறக்கிவிடும் கூண்டில் ஏறுவதற்கு முன் வரிசையாக நின்று, "வளைவு முனகினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வருவேன், வளைவைத் தொட மாட்டேன்" என்று ஆசீர்வாதம் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு சூப்பர்வைசர் அதைப் படம் பிடிப்பார். முடிந்ததும் ஏசாயா ஊழியக்காரர் குரலில் "ஆமென்" என்பான். எல்லாரும் சிரித்துக்கொண்டே கூண்டில் ஏறுவார்கள். மூன்று வருடமாக ஒருநாள் தவறாமல் இது நடந்தது.

பிறகு தென்வழியில் முனகல் குறைந்தது. வாரத்துக்கு நாலு என்று இருந்தது மாதத்துக்கு நாலாகி, கடைசியில் அடியோடு நின்றுபோனது. நாலு மாதம் சத்தமே இல்லை. மலை படிந்துவிட்டது என்று கோஷ்டி சந்தோஷப்பட்டது. நிர்வாகத்துக்கும் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை விழா வைத்துத் தென்வழிக்குக் கேடயம் கொடுப்பதாக அறிவித்தார்கள். வளைவு செய்த கம்பெனியும் நிறைமதி என்ற சேலத்துப் பெண் பொறியாளரை அனுப்பிவைத்தது. தென்வழி இரும்பு கற்றுக்கொண்டதைப் படி எடுத்து மற்ற பதினோரு சுரங்கங்களுக்கும் அனுப்புவது அவள் வேலை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் ஆசீர்வாதத்தின் ஹெல்மெட் ஏழாவது வளைவில் இடித்தது.

மூன்று வருடமாக அதன் கீழே நிமிர்ந்து நடந்தவர் அவர். ஏழாவதை மூன்று தடவை தட்டியிருக்கிறார்கள், ஆறு விரற்கடை இறங்கியிருக்கும், அதற்குப் பிறகும் தலைக்கு மேலே இடம் இருந்தது. நின்று கையால் அளந்து பார்த்தார். யாரும் தட்டாமலே அது இன்னும் ஒரு சாண் இறங்கியிருந்தது. எட்டாவதும் அப்படித்தான். தோள்பட்டையில் இரும்பு இரும்போடு தேய்ந்து புதிதாகப் பளபளத்தது. அவ்வளவு வழுக்கியும் ஒரு முனகல் இல்லை, விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

நேரே மேலேறி மேலாளர் பராங்குசத்திடம் போனார். பராங்குசம் கெட்டவர் இல்லை, நல்லவராக இருக்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். திரையைத் திருப்பிக் காட்டினார். தென்வழி முழுக்கப் பச்சை.

"ஹெல்மெட்ல இடிக்குதுன்னு வழிய நிறுத்தினா மேல இருக்கறவங்க என்னைப் பாத்துச் சிரிப்பாங்க மேஸ்திரி. இந்த விளக்கு பொய் சொல்லுதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். காரணம் தெரிஞ்சா எழுதிக் குடு. இந்த நிமிஷமே நிறுத்தறேன்."

சொன்னதோடு நிற்காமல் ஒரு தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார். ஆசீர்வாதம் தாளைப் பார்த்தபடி நின்றார். மூன்று வருடமாகச் சம்மட்டியால் தட்டி வருகிறோம் என்று எழுத ஒரே ஒரு வரிதான் இருந்தது. எழுதினால் ஆறு பேரும் வாசல் பட்டியலில். முதல் பெயர் தன்னுடையது, இரண்டாவது ஏசாயா. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார். பராங்குசமும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

நிறைமதி தனக்குக் கொடுத்த அறையில் தனியாக இருந்தாள். ஆசீர்வாதம் கதவைச் சாத்திவிட்டு, அந்த வளைவுகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று கேட்டார். கேடயம் வாங்கப் போகிற மேஸ்திரி ஆர்வமாகக் கேட்கிறார் என்று நினைத்து அவள் உற்சாகமாகச் சொன்னாள்.

"ஒவ்வொரு தடவ முனகினதுக்கு அப்புறமும் என்ன நடந்துச்சுன்னு அது பாக்கும்ண்ணா. ஆளுங்க வெளிய போயி, எஞ்சினியர் வந்து, ஆமா பாரம்தான்னு பதிவு பண்ணா, முனகினது சரின்னு எடுத்துக்கும். பதிவே இல்ல, ஆனா பாரம் தானா எறங்கிருச்சுன்னா, வீணா முனகிட்டோம்னு எடுத்துக்கும். அடுத்த தடவ இன்னுங் கொஞ்சம் பொறுத்துக்கும். கத்துக்கிட்டத பக்கத்து வளைவுக்கும் சொல்லிக் குடுத்துரும்."

"எவ்ளோ பொறுத்துக்கும்?"

"அதுக்கு நாங்க அளவு வைக்கலைங்க. வீண் சத்தம் கொறையணுங்கறதுதான எல்லாருக்கும் வேணும்."

ஆசீர்வாதம் சொன்னார். கிளாம்பு, சம்மட்டி, மூன்று வருடம், எதையும் விடாமல் சொன்னார். நிறைமதியின் முகத்திலிருந்த உற்சாகம் வடிந்துவிட்டது.

"அழுத பிள்ளைய அடிச்சு அடக்கினாப்ல ஆயிருச்சேண்ணா. அதுக்கு இப்பவும் வலிக்குது. சொல்லிப் பிரயோசனமில்லன்னு கத்துக்கிச்சு."

மாற்ற வழி இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு வழி இருக்கிறது என்றாள். கற்றதையெல்லாம் அழித்து, வார்த்து எடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படி ஆக்கிவிடலாம். இன்னொரு வழி, அது ஒரு தடவை நிஜமான சரிவைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. இரண்டாவதைச் சொல்லும்போது அவள் குரல் தணிந்துவிட்டது.

அவளும் எழுதிக்கொடுக்கத் தயாராக இல்லை. தென்வழி இரும்புதான் உத்தமமான இரும்பு என்று தன் கம்பெனிக்குப் போன வாரம்தான் அறிக்கை அனுப்பியிருந்தாள். ஆக, அதிகம் பேசாமலே இருவருக்கும் ஒரு உடன்பாடு உண்டாகிவிட்டது. புதன்கிழமை பராமரிப்பு என்று சொல்லிக்கொண்டு அவள் இறங்கி, காதும் காதும் வைத்த மாதிரி தென்வழி வளைவுகளின் நினைவை அழித்துவிடுவாள். தன் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று இரும்பு புதிதாகத் தெரிந்துகொள்ள இரண்டு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து நோவு இருந்தால் வாயைத் திறக்கும். அப்போது சட்டப்படி எல்லாரும் வெளியே வந்துவிட்டால் போதும், பொறியாளர் இறங்கி அளப்பார், வழியை அவரே மூடிவிடுவார். யார் பெயரும் எதிலும் ஏறாது.

"முனகினா ஒருத்தரும் உள்ள நிக்கக் கூடாதுங்கண்ணா. அத நீங்க பாத்துக்கணும்."

பார்த்துக்கொள்கிறேன் என்றார் ஆசீர்வாதம். நாலு மாதம் பொறுத்த மலை இரண்டு நாள் பொறுக்காதா என்றும் நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை அவள் சொன்னபடி செய்துவிட்டாள். வியாழக்கிழமை காலையில் கூண்டுக்கு முன்னால் வரிசை நின்றது. இனி முனகினால் நிஜமாகவே ஓட வேண்டும், சம்மட்டியைத் தொடக் கூடாது, ஏழும் எட்டும் ஒரு சாண் இறங்கியிருக்கிறது, இது பழைய முனகல் இல்லை என்றெல்லாம் ஆசீர்வாதம் சொல்லியாக வேண்டும். ஆனால் இரண்டடி தூரத்தில் சூப்பர்வைசர் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சம்மட்டி என்ற சொல்லை வாயில் எடுத்தாலே மூன்று வருடமும் வெளியே வந்துவிடும். அதனால் வழக்கமான உறுதிமொழியையே வழக்கத்தைவிட அழுத்தமாகச் சொன்னார். முடித்துவிட்டு, "முனகினா வெளிய வந்துடணும். ஆமா, சொல்லிட்டேன்" என்று ஒரு வரி சேர்த்தார்.

வரிசையில் சிரிப்பு எழுந்தது. மேஸ்திரி இன்று கேமராவுக்குக் கூடுதலாகவே நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். நாளைக்குக் கேடயம் அல்லவா. ஏசாயா கண்ணைச் சிமிட்டிவிட்டு, இரண்டு மடங்கு சத்தமாக "ஆமென்" என்றான். ஆசீர்வாதம் அந்தச் சிமிட்டலைப் பார்த்தார். அதன் அர்த்தம் அவருக்குத் தெரியாமல் இல்லை. வீட்டில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

சாயங்காலம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எஸ்தர் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள், தம்பிக்குப் பிடிக்கும் என்று தலைப்பக்கத் துண்டாகத் தேடிப் போட்டாள்.

"இன்னா மாமா, இன்னிக்கி பக்தி ரொம்ப முத்திப்போச்சு?" என்றான் ஏசாயா.

இப்போது சொல்லிவிடலாம் என்று ஆசீர்வாதம் வாயைத் திறந்தார். எஸ்தர் குழம்புச் சட்டியோடு எதிரில் உட்கார்ந்திருந்தாள். என் தம்பி தலைமேல் ஒரு சாண் இறங்கிய மலையைச் செவ்வாய்க்கிழமையே பார்த்துவிட்டு இன்றைக்கும் அவனை அதற்குக் கீழே அனுப்பினீர்களா என்று கேட்பாள். "ஒண்ணுமில்ல, சோத்தத் துன்னு" என்றார். ஏசாயா சாப்பிட்டுவிட்டுப் பந்தடிக்கப் போய்விட்டான். நாளைக்குக் கூண்டில் இறங்கும்போது காதோடு சொல்லிவிடலாம் என்று ஆசீர்வாதம் முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை அவரைக் கூண்டுப் பக்கமே விடவில்லை. விழாவுக்கு நேரமாகிவிட்டது, சட்டையை மாற்றிக்கொண்டு பந்தலுக்கு வா என்று ஆள் வந்துவிட்டது. கோஷ்டியை அவர் இல்லாமலே இறக்கினார்கள். பந்தலில் முதல் வரிசையில் உட்காரவைத்து, பராங்குசம் தன் கையால் சால்வை போர்த்தினார். நூற்றிருபது நாள் ஒரு நொடிகூட நிற்காத வழி என்று மைக்கில் சொன்னார். நிறைமதியும் மேடையில் இருந்தாள். அவள் ஆசீர்வாதத்தைப் பார்ப்பதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். கைதட்டல் நடந்துகொண்டிருந்தபோதுதான் அபாயச் சங்கு ஊதியது.

நாலு பேர் வெளியே வந்தார்கள். ஒருவனுக்கு முழங்கால் போயிருந்தது, மற்றவர்களுக்குக் காயம். ஏசாயாவை மறுநாள் மதியம்தான் எடுக்க முடிந்தது. சால்வையை எங்கே போட்டார், யார் எடுத்தார்கள் என்று ஆசீர்வாதத்துக்குக் கடைசிவரை நினைவுக்கு வரவில்லை.

மூன்றாவது வாரம் பயிற்சிக் கூடத்தில் விசாரணை நடந்தது. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி பொறுமையானவர், யாரையும் அதட்டவில்லை. எஸ்தர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீட்டு ஆள் என்ற முறையில் அவளுக்கும் கடிதம் வந்திருந்தது.

முதலில் ஏழாவது வளைவின் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். பத்து நாற்பத்தொன்றுக்கு அது முனக ஆரம்பித்திருக்கிறது. நினைவை அழித்த பிறகு அது விட்ட முதல் முனகல். அது ஒரு கோளாறும் இல்லாமல், தன் கடமை தவறாமல் மூன்று நிமிடம் முனகியது. கூடத்தில் எல்லாரும் அதைக் கேட்டார்கள். மூன்று நிமிடம் அவ்வளவு நீளமா என்று ஆசீர்வாதத்துக்கு இருந்தது. நட்டைத் தளர்த்தும் சத்தம் வந்தது. பிறகு சம்மட்டி. ஒரு சாண் இறங்கி, இனி வழுக்க இடமில்லாமல் முழு மலையையும் தாங்கிக்கொண்டிருந்த கிளாம்பை அந்த அடி எடுத்துவிட்டது. பதிவு அதோடு முடிந்தது.

பிழைத்த நாலு பேரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். முனகல் கேட்டதும் நாங்கள் கிளம்பிவிட்டோம், ஏசாயாதான் தன்னிஷ்டத்துக்குப் போய்த் தட்டினான், ஏன் என்று தெரியாது. ஒருவனும் ஆசீர்வாதத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களுக்கும் வீடு இருக்கிறது, வாசல் பட்டியல் இருக்கிறது. நிறைமதி எழுந்து, இரும்பு எச்சரித்தது, அதில் சந்தேகமில்லை என்றாள். அது பொய் இல்லை. அதற்கு முந்தின நாலு மாதத்தைப் பற்றி அவளை யாரும் கேட்கவில்லை.

பராங்குசம் வியாழக்கிழமை உறுதிமொழிப் படத்தைப் போட்டார். திரையில் ஆசீர்வாதம் நிமிர்ந்து நின்றுகொண்டு, முனகினால் வெளியே வந்துவிட வேண்டும், சொல்லிவிட்டேன் என்று கணீரென்று சொன்னார். பக்கத்தில் ஏசாயா கண்ணைச் சிமிட்டி ஆமென் என்றான். சிரித்தான். அதிகாரி படத்தை அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, சிரித்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேஸ்திரி தன் கடமையைக் குறைவில்லாமல் செய்திருக்கிறார் என்று சொல்லி எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தட்டச்சு செய்துகொண்டார். இறந்தவரின் அலட்சியம் என்று அதிகாரி அடுத்துச் சொன்னதையும் தட்டச்சு செய்துகொண்டார்.

ஆசீர்வாதம் எழுந்து நின்றார். உட்கார்ந்திருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். அவரைக் குறை சொல்ல அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை. அவரைக் காப்பாற்றுகிற படமே இருந்தது. ஆனால் திரையில் அந்தப் பையன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அவன் அலட்சியமா இல்லீங்கய்யா. நான் சொல்லிக் குடுத்ததத்தான் செஞ்சான்."

பிறகு நிறுத்தாமல் பேசினார். மூன்று வருடமாகத் தட்டியது, இரும்பு வாய் மூடிப்போனது, செவ்வாய்க்கிழமை ஹெல்மெட் இடித்தது, பராங்குசம் தாளைத் தள்ளியது, எழுதாமல் வந்தது, புதன்கிழமை நினைவை அழித்தது எல்லாவற்றையும் சொன்னார். தினமும் அந்த உறுதிமொழியை நாங்கள் கேலிக்குத்தான் சொன்னோம், வியாழக்கிழமை மட்டும் நான் நிஜமாகச் சொன்னேன், அது அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். இரும்புக்குக் கற்றதை மறக்கவைத்தோம், அவனுக்கு மறக்கவைக்கவில்லை என்றார்.

அதிகாரி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். எழுத்தரின் விரல்கள் மேசைமேல் சும்மா இருந்தன.

"உங்க துக்கம் புரியுது. ஆனா வெள்ளிக்கிழமை நடந்த விபத்தைப் பத்தி மட்டும்தான் எனக்கு உத்தரவு. முந்தி நடந்ததுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?"

இல்லை என்றார் ஆசீர்வாதம். பராங்குசம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி தலையசைத்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். செவ்வாய்க்கிழமை ஒரு தாளும் பேனாவும் கிடைத்தபோது எழுதாத வரி அது. இப்போது தொண்டை கிழியச் சொன்னாலும் எழுதிக்கொள்ள ஆள் இல்லை.

தாழ்வாரத்தில் நிறைமதி காத்திருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருப்பாள், ஆனால் வாயில் வந்தது வேறு. சரிவைப் பக்கத்தில் நின்று பார்த்த இரும்பு கம்பெனியிடம் இதுவரை இருந்ததில்லையாம். தென்வழியில் மிஞ்சிய வளைவுகள் இப்போது கிளாம்பில் கை வைத்தாலே முனகுகின்றனவாம். அந்தப் பாடத்தைத்தான் பதினோரு சுரங்கத்துக்கும் அனுப்பப் போகிறார்கள்.

"எங்க எம்.டி. சொல்றாரு, எவ்வளவு செலவு பண்ணாலும் கெடைக்காத பாடமாம்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். ஆசீர்வாதம் அவளைத் தாண்டி நடந்தார்.

எஸ்தர் முன்னாலேயே போய்ப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். அந்தக் கூடத்தில் அவர் பேசியதை முழுக்கக் காதில் வாங்கியவள் அவள் ஒருத்திதான். யாருக்குத் தெரியக் கூடாது என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாரோ, அவளுக்கு மட்டும்தான் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் சற்றுத் தள்ளி நின்றார். வெயில் கொளுத்தியது. அவள் அழவில்லை.

"வியாழக்கிழமை அவன் உங்க பக்கத்துல உக்காந்துதான துன்னான்?"

"ஆமா."

"அப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

பொய் சொல்ல ஆசீர்வாதத்திடம் தெம்பு மிச்சமில்லை. "நீ எதிர்ல இருந்த" என்றார்.

எஸ்தர் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பதில் அவளுக்குள் இறங்குவது அவருக்குத் தெரிந்தது. சொல்லியிருக்கவே கூடாது என்று பட்டது, ஆனால் வேறு எதைச் சொன்னாலும் அது உண்மையாக இருந்திருக்காது.

"அவனுக்கு இன்னும் ரெண்டு கரண்டி சோறு போடணும்னு உக்காந்திருந்தேன்" என்றாள் அவள். "எழுந்து உள்ள போயிருந்தா என் தம்பி இருந்திருப்பான்."

பேருந்து வந்து நின்றது. எஸ்தர் ஏறி, இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் நடுவாக உட்கார்ந்துகொண்டாள். ஏறுகிறாயா இல்லையா என்று நடத்துநர் கேட்டார். ஆசீர்வாதம் படியிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தார். நடத்துநர் விசில் கொடுத்தார், வண்டி கிளம்பிப் போனது.